கழற்றக்கூடிய பழமை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் மோட்டார் வண்டியின் தகட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்ற வினா எழுதல் இயல்பே. ஒரு பொருளுக்கு அதன் உண்மையான வயதைவிட மூத்த வயதைப் புறத்தோற்றத்தில் ஏற்றும் தொழில் ஒன்று மேலைநாடுகளில் நடந்து வருகிறது. அதனைப் 'பேக்டேட்டிங்' என்று வழங்குவர். 1980களில் பிறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு 1974க்கு முற்பட்ட முகத்தைப் பொருத்துவது அதன் பணி. வழக்கிறந்த சொல்லைத் தேடி எடுத்து இன்றைய கவிதையில் வைப்பவருக்கும், அப்பட்டறையில் நிற்பவருக்கும் முன்னே உள்ள வினா ஒன்றே: பழமையை எந்த அளவில் எடுத்துக்கொள்வது? எடுத்துக்கொண்டதை எவ்வாறு மறைக்காமல் சொல்வது?

இத்தொழிலுக்கு மிகுதியும் ஆட்பட்ட வண்டி ஜெர்மனியின் போர்ஷே 911. 1963ஆம் ஆண்டு செப்டம்பரில் பிராங்க்பர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரோடு அது வெளிப்பட்டது. நடுவில் சுழியம் கொண்ட மூவிலக்கப் பெயர் தங்கள் உரிமை என்று பிரான்சின் பெஜோ நிறுவனம் தடை சொல்ல, 1964இல் பெயர் 911 என மாறியது. அதற்கு உருக்கொடுத்தவர் நிறுவனரின் பேரன் ஃபெர்டினாண்ட் அலெக்சாண்டர் போர்ஷே. பின்புறத்தில் காற்றால் குளிரும் ஆறு உருளை எஞ்சின். முன்புறத்தில் மூக்குவரை நீண்டு இறங்கும் பானெட். அதன் அடியில் மெல்லிய பம்பர். விளக்கின் கீழே மட்கார்டிலேயே பதிந்த இண்டிகேட்டர். கோடுகள் குறைவு, அக்கோடுகளில் வீணானது ஒன்றுமில்லை.

பின்னர் ஒரு சட்டம் அந்த முகத்தை மாற்றியது. மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் மோதினாலும் விளக்கு முதலியவை பழுதுபடாமல் பம்பர் தாங்க வேண்டும் என்று அமெரிக்க அரசு விதித்தது. அவ்விதிக்கு விடையாக, 1974ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து 911க்கு முன்னும் பின்னும் துருத்தி நிற்கும் அலுமினியப் பம்பர்கள் வந்தன. அவை மோதலில் உள்வாங்குவதற்காகப் பக்கங்களில் கொல்லன் துருத்தியின் மடிப்பைப் போன்ற கறுப்பு ரப்பர் உறைகள் அமைந்தன. நீண்ட பானெட் குறுகியது. இண்டிகேட்டர் பம்பருக்குள் குடியேறியது. கூரையும் கண்ணாடியும் பின்சரிவும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. அந்த முகத்தோடு வண்டி 1989வரை வெளிவந்தது. பல வண்டிகள் சட்டத்திற்கு அஞ்சி அழகை இழந்த காலத்தில், இது சட்டத்தை ஏற்று ஓரளவு அழகையும் காத்துக்கொண்டது என்பதே நேர்மையான தீர்ப்பு. ஆயினும் முந்திய முகத்தை அறிந்தவர்க்கு அது ஓர் இழப்பாகவே பட்டது.

இங்கே கருதத்தக்க வரலாற்று முரண் ஒன்று உண்டு. 1980களில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. அன்று பழைய முகம் மலிந்து கிடந்தது. புதிய முகமே பெருமை. ஆகவே பழைய வண்டி வைத்திருந்த பலர் அதன் மட்கார்டுகளை அகற்றிப் புதிய பம்பரையும் அகன்ற சக்கர வளைவுகளையும் ஏற்றினர். தம் வண்டியைக் காலத்தோடு ஒத்துப்போகச் செய்வதாகவே அவர்கள் நம்பினர். அவ்வாறு வெட்டப்பட்டவற்றுள் இன்று பெருவிலை பெறும் அரிய வண்டிகளும் இருந்தன. 1972 அக்டோபரில் பாரிசில் காட்டப்பட்ட கரேரா ஆர்.எஸ். 2.7 மொத்தம் 1,580 வண்டிகளே செய்யப்பட்டது. வாத்தின் வாலைப்போல் மேல்நோக்கி வளைந்த பின்மூடி அதன் அடையாளம். இன்று அதன் விலை பல இலட்சம் டாலர். எளியவருக்கு எட்டாத அந்த முகத்தைக் கைக்கெட்டும் வண்டியில் காணும் ஆசையே இன்றைய தொழிலின் வேர். ஒரு தலைமுறை வெட்டியெறிந்ததை அடுத்த தலைமுறை செய்து பொருத்துகிறது.

பழைய முகம் வேண்டுவோர் பழைய வண்டியையே வாங்கலாகாதா என்று கேட்கலாம். விலை ஒரு காரணம். துரு மற்றொரு காரணம். முற்கால 911இன் உடல் துருவுக்கு எளிதில் இரையாவது. 1976ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து உடல் முழுவதும் துத்தநாகப் பூச்சுப் பெற்ற தகட்டால் ஆயிற்று. துருவுக்கு எதிராக ஆறாண்டு உறுதிமொழியையும் நிறுவனம் வழங்கியது. ஆகவே பிற்கால வண்டியின் உடல் திடமானது. உறுதியான புதிய உடலில் இனிய பழைய முகம் என்ற கருத்து அங்கிருந்தே பிறந்தது.

பொருள் வளம் மிக்கோர்க்கு இதில் இடர் இல்லை. இங்கிலாந்தின் 'கேத்தரின் வீல்' இசைக்குழுவில் பாடகராக விளங்கிய ராப் டிக்கின்சன், கலிபோர்னியாவில் 2009இல் 'சிங்கர்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பாடகன் என்ற தம் தொழிலையும், போர்ஷேயின் பந்தயப் பொறியாளர் நோர்பர்ட் சிங்கரையும் ஒருங்கே நினைவூட்டும் பெயர் அது. அங்கே 1989க்குப் பிந்திய தலைமுறை வண்டியை முற்றிலும் பிரித்து, கார்பன் இழையால் பழஞ்சாயல் உடல் செய்து, திருகாணிவரை புதிதாக்குகிறார்கள். அழகில் குறை சொல்ல இயலாது. அதற்குரிய விலையில் பல எளிய வண்டிகளை வாங்கிவிடலாம்.

சிறு பொருளோடு இறங்குபவரின் கதை வேறு. அவர் முதலில் அறிய வேண்டியது, வண்டியின் எந்தப் பகுதி திருகாணியால் நிற்கிறது, எந்தப் பகுதி வெல்டிங்கால் நிற்கிறது என்பதாகும். 911இன் முன் மட்கார்டுகள் திருகாணியால் பூட்டப்பட்டவை. பானெட்டும் பம்பரும் அவ்வாறே. பழைய வடிவில் ஃபைபரால் ஆன மட்கார்டு, நீண்ட பானெட், மெல்லிய பம்பர் ஆகியவை இரும்புத் தகட்டினும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பழையவற்றைக் கழற்றி இவற்றைப் பூட்டலாம். பானெட்டின் பூட்டு அமையும் முன்தகடு மாற வேண்டும். இண்டிகேட்டரின் மின்கம்பியை மட்கார்டுவரை நீட்ட வேண்டும். வலப்புற மட்கார்டுக்குள் உள்ள ஆயில் கூலருக்கு இடம் விட வேண்டும். வாத்துவால் மூடியும் கீல்களில் திருகாணியால் நிற்பதே.

விலை குறைந்த ஃபைபருக்கு வேறொரு விலை உண்டு. அதை உழைப்பால் செலுத்த வேண்டும். அச்சிலிருந்து வந்தபடியே அது பொருந்துவதில்லை. கதவின் விளிம்புக்கும் மட்கார்டுக்கும் இடையே மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு இடைவெளி வரும்வரை தேய்ப்பதும், பட்டி பார்ப்பதும், மீண்டும் பூட்டிப் பார்ப்பதுமாக நாட்கள் கழியும். பெயிண்ட் அடிக்குமுன் எல்லாவற்றையும் ஒருமுறை முழுமையாகப் பூட்டிப் பார்க்காதவர், அடித்த பெயிண்டை மீண்டும் சுரண்ட நேரிடும். முழு வண்டிக்கும் நிறம் மாற்றுவது செலவை மிகுவிக்கும். ஆகவே சிக்கனம் அறிந்தவர் வண்டியின் சொந்த நிறத்தையே வைத்துக்கொண்டு, புதிய உறுப்புகளை மட்டும் அந்நிறத்திற்கு இணங்கச் செய்வார்.

பின்புறத்தில்தான் உண்மையான சோதனை. பின் மட்கார்டுகள் உடலோடு வெல்டிங்கால் ஒன்றியவை. பழைய பம்பர் அமரும் வடிவம் அங்கே இல்லை. உலோகத்தை வெட்டிப் பழைய வடிவத் தகட்டை வெல்டிங் செய்வது ஒரு வழி. இருக்கும் உடலில் வெட்டாமலே பூட்டும்படி செய்த ஃபைபர்ப் பம்பரை ஏற்பது மற்றொரு வழி. முதல் வழி கண்ணுக்கு நிறைவானது. உற்று நோக்குவோரும் வேறுபாடு காண மாட்டார்கள். ஆனால் வெல்டிங்கின் வெப்பம் பட்ட இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். துரு அங்கிருந்து உள்ளே நுழையும். எந்த உறுதிக்காகப் பிற்கால உடல் தேர்ந்தெடுக்கப்பட்டதோ, அந்த உறுதியைத் தோற்றத்திற்காகக் கொடுத்துவிடுவதாக அது முடியும். இரண்டாம் வழியில் பின்மூலையில் சிறு வேறுபாடு தெரியும். உடல் காயமின்றி இருக்கும். வெட்டி ஒட்டும் வேலைக்குக் கூலி மிகுதியாதலால், சிறு பொருள் உடையவர் இரண்டாம் வழியில் செல்கிறார். வறுமை இங்கே ஆசிரியனாக அமைந்து, திரும்பி வர இயலாத வழியில் போகாதே என்று கற்பிக்கிறது.

ஆயினும் அதே வறுமை மற்றொரு பக்கம் இழுப்பதையும் சொல்லாமல் விடலாகாது. கழற்றிய அலுமினியப் பம்பரும் மட்கார்டும் குறுகிய பானெட்டும் சந்தையில் விலை போகக்கூடியவை. அவற்றை விற்றால் பெயிண்ட் கூலிக்கு ஆகும். விற்காமல் துணி சுற்றிப் பரணில் ஏற்றினால் வேலை சில திங்கள் நிற்கும். இந்த இடத்தில்தான் ஒருவருடைய பழமைப் பற்றின் தரம் வெளிப்படுகிறது. 1980களின் முகமும் ஒரு காலத்தின் முகமே. அன்று பழைய மட்கார்டுகளை இகழ்ந்து எறிந்தவர்களைக் குறை கூறுபவர், இன்று துருத்திப் பம்பரை இகழ்ந்து எறிந்தால் அவர்களுடைய பிழையையே மறுபக்கமாகச் செய்தவர் ஆகிறார். ஒருகாலத்தில் ஏளனத்திற்கு உள்ளான அந்தப் பம்பரை அதன் பொருட்டே விரும்புவோர் இன்று பெருகி வருகிறார்கள். மாற்றம் பெறாத வண்டியின் மதிப்பும் உயர்ந்திருக்கிறது.

உண்மையைப் பற்றிய வினா ஒன்று எஞ்சுகிறது. பழைய முகம் பொருத்துவது பொய்யா? முன்பெட்டியின் தரைவிரிப்பை நீக்கினால் தகட்டில் பொறித்த எண் தெரியும். வண்டி எந்த ஆண்டுக்குரியது என்பதை அந்த எண் சொல்லிவிடும். அந்த எண்ணைத் தொடாதவர், கேட்டவர்க்கு உண்மை ஆண்டைச் சொல்பவர், ஒரு முகத்தின்மீது கொண்ட அன்பைக் காட்டுகிறார். எண்ணை மாற்றி, 1,580 வண்டிகளுள் ஒன்று என்று விற்பவர் மோசடி செய்கிறார். இருவர் கையிலும் ஒரே ஃபைபர், ஒரே பெயிண்ட். வேறுபாடு வண்டியில் இல்லை, சொல்லில் இருக்கிறது. ஃபைபர்ப் பம்பர் மோதலைத் தாங்காது என்ற உண்மையும் அச்சொல்லில் அடங்கும். அதனை அறிந்தே ஓட்டுபவர் தம் விருப்பத்திற்கு உரிய விலையைத் தாமே ஏற்கிறார்.

கவிஞர் பெருமக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பழைய யாப்பும் பழஞ்சொல்லும் எவருடைய தனி உடைமையும் அல்ல. எடுத்தாள எல்லோர்க்கும் உரிமை உண்டு. ஆனால் அவை திருகாணியால் நிற்கின்றனவா, வெல்டிங்கால் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பழஞ்சொல்லை நீக்கிப் பார்த்தால் அடியில் இன்றைய அனுபவம் காயமின்றி நிற்குமாயின், அந்தச் சொல் அதற்கு அணி. நீக்கியதும் அடியில் ஓட்டை தெரியுமாயின், பழமையைப் பொருத்துவதற்காக நிகழ்காலத்தை வெட்டிவிட்டார் என்பதே பொருள்.

பத்தாண்டு நிறைவில் ஒரு வட்டம் தன் தொடக்க நாட்களின் முகத்தை மீண்டும் அணிய விரும்புவது இயற்கை. அணியட்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் கழற்றி வைத்தவற்றைப் பரணிலிருந்து எறிந்துவிடாமலும் இருக்கட்டும். அடுத்துக் கூடப்போகும் தலைமுறைக்கு எந்த முகம் பிடிக்கும் என்பதை இன்று இருப்பவர் எவரும் அறியார்.