அம்மா பார்த்த ரெண்டு படம்

(தலைப்பு: சிறந்த படத்தைத் தீர்மானிப்பது ரசிகர்களின் வசூலா, விமர்சகர்களின் பட்டியலா? ‘விமர்சகர்களின் பட்டியலே’ என்ற அணியில் பேசியது. இடம்: திருநெல்வேலி)



எனக்கு முன்னால பேசின தம்பி ஒரு போடு போட்டாரு. “வருஷக் கடைசியில பத்துப் பேரு ஏசி ரூம்ல உக்காந்து, இதுதான் சிறந்த படம்னு ஓட்டுப் போட்டா, டிக்கெட் வாங்கின நாங்க இளிச்சவாயனுங்களா?”ன்னாரு. எல்லாரும் கை தட்டினீங்க. பழக்க தோஷத்துல நானும் தட்டிட்டேன். (சிரிப்பு)

மார்க் போடுறது லேசுப்பட்ட வேலையா ஐயா? 1977-ல ‘16 வயதினிலே’ படத்துக்கு ஆனந்த விகடன் 62.5 மார்க் போட்டது. அந்த அரையைப் பாருங்க! விடைத்தாள் திருத்தியே தலை நரைச்சவன் சொல்றேன், அரை மார்க் போடுறவன் கடைசி வரி வரைக்கும் படிச்சவன். (கைதட்டல்) வீட்டுல குழம்புக்கு அரை மார்க் குறைச்சுப் பாருங்க, தெரியும்! (பலத்த சிரிப்பு)

1979. எனக்குப் பத்து வயசு. வண்ணார்பேட்டையில வீடு. அப்பா இல்லை. அம்மா பீடி சுத்தித்தான் எங்களை வளர்த்தாங்க. வருஷத்துக்கு ரெண்டு படம். மூணாவதுன்னா அரிசியில கை வைக்கணும். எந்த ரெண்டு? முடிவெட்டுற கடையில கிடக்கிற பத்திரிகையை நான் போய்ப் படிச்சுட்டு வரணும். “ஏலே, பத்திரிகைக்காரன் என்னலே சொல்லுதான்?” இதுதான் அம்மா கேட்கிற கேள்வி.

அப்படித்தான் ‘உதிரிப்பூக்கள்’ போனோம். நம்ம புதுமைப்பித்தனோட ‘சிற்றன்னை’யைத் தழுவி மகேந்திரன் எடுத்தது. சண்டையே இல்லைன்னு எனக்குக் கோபம். திரும்பி சுலோசனா முதலியார் பாலத்துல நடந்து வாறோம். அம்மா பேசவே இல்லை. நடுப்பாலத்துல நின்னு ஆத்தையே பாத்துக்கிட்டு, “எனக்கு ஏதாவது ஆச்சுன்னா தங்கச்சிய விட்ராதலே”ன்னாங்க.

நடுவர் அவர்களே, காசு இருக்கிறவன் இருபது படம் பாத்து ஒண்ணைத் தேத்திக்குவான். ரெண்டுதான் பார்க்க முடியும்னு இருக்கிறவளுக்கு, எல்லாத்தையும் பாத்துட்டு வந்து சொல்ல ஒருத்தன் வேணுமா வேண்டாமா? (நீண்ட கைதட்டல்)

விமர்சகன் தப்பே பண்ணமாட்டானா? பண்ணுவான். இங்கிலாந்துல ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை 1952-லேர்ந்து பத்து வருஷத்துக்கு ஒருதரம் விமர்சகர்கள்கிட்ட ஓட்டு எடுக்குது. ஹிட்ச்காக்கோட ‘வெர்டிகோ’ வந்தது 1958. அடுத்த 1962 பட்டியல்ல முதல் பத்துலயே அது இல்லை. 2012-ல அதுதான் முதலிடம்! திருத்திக்கிறாங்கய்யா! வசூலுக்கு இப்படி மறுகூட்டல் உண்டா? நம்ம ‘அந்த நாள்’, 1954-ல ஒரு பாட்டுகூட இல்லாம வந்தது. ஓடலை. மத்திய அரசு நற்சான்றிதழ் கொடுத்துச்சு. அன்னைக்கு வசூலை அள்ளின படங்கள்ல எத்தனை பேரு இப்ப எதிரணிக்கு ஞாபகம் இருக்கு?

மணி அடிக்கப் பாக்காங்க. ஒண்ணே ஒண்ணு.

2018 செப்டம்பர்ல ‘பரியேறும் பெருமாள்’ வந்துச்சு. நம்ம ஊரு சட்டக் கல்லூரிக் கதை, புளியங்குளத்துப் பிள்ளை மாரி செல்வராஜ் எடுத்தது. அதுக்கு முந்தின நாள்தான் பெரிய நடிகர்களோட மணிரத்னம் படம். அந்த வருஷக் கடைசியில பத்திரிகை பத்திரிகையா நல்ல படங்கள் பட்டியல் வந்துச்சு. அம்மாவுக்கு இப்போ கண்ணு சரியாத் தெரியாது. நான்தான் வாசிச்சேன். இந்தப் பேரு வந்ததும் நிறுத்தச் சொன்னாங்க.

“நம்ம ஆத்தோரத்துப் பிள்ளையா எடுத்திருக்கான்? டிவியில போடும்போது என்னையக் கூப்பிடுலே. கண்ணு தெரியாட்டி என்ன, பேசுறது கேக்கும்லா.”

(கைதட்டல்)