லெபோ பந்தாயில் கடற்கரை எங்கே?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கெப்பாலா பத்தாஸ் வீடுகளில் எழும் கேள்வி ஒன்று உண்டு. பினாங்குத் தீவுக்குப் போனால் எதைப் பார்ப்பது? பலரும் சொல்லும் பதில் பத்து பெரிங்கி. பாலத்தைக் கடந்து, கடலில் குளித்து, இரவுக் கடைகளைச் சுற்றிவிட்டு வீடு திரும்புவார்கள். அதில் தவறில்லை. ஆனால், காலைப் பொழுதை ஜோர்ஜ்டவுனுக்கு ஒதுக்கும் பெற்றோர், பிள்ளைகளுக்குச் சொந்த வரலாற்றையே காட்டிவிடலாம்.

பட்டர்வொர்த்தில் காரை நிறுத்திவிட்டுப் பெர்ரி ஏறுவது நல்லது. 2021 முதல் பெர்ரியில் கார்களை ஏற்றுவதில்லை. அக்கரையில் இறங்கும் பெங்காலான் வெல்ட், 1880-களில் கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம். அதற்கு முன்பு அலை அடித்தது சற்று உள்ளே இருக்கும் லெபோ பந்தாயில்தான். இன்று அங்கே மணல் இல்லை. வங்கிக் கட்டடங்கள் இருக்கின்றன. கடற்கரைத் தெரு என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்தப் பழைய கரையில் படகோட்டியவர்களிலும் மூட்டை சுமந்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம். அவர்கள் கும்பிட்ட மகா மாரியம்மன் ஆலயம் 1833-இல் லெபோ குயினில் எழுந்தது. அங்கிருந்து சில நிமிட நடையில், 1801-இல் காதர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். லெபோ பினாங்கில் செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய கிட்டங்கிகள். பசியெடுத்தால் நாசி கண்டார்! தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவுதடி சுமந்து, தெருத் தெருவாக விற்ற சோறு அது.

2008-இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. எங்கெங்கிருந்தோ வந்து பார்க்கிறார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கு மட்டும் அது தெரியாமல் போகலாமா? பாட்டன் உழைத்த இடத்தை அறியாத பிள்ளையிடம், "உனக்கு இங்கே என்ன இருக்கிறது?" என்று யாராவது கேட்டால், அது வாயடைத்து நிற்கும்.

மதியத்துக்குப் பின் தாராளமாகக் கடலுக்குப் போகலாம். பெர்ரித் துறையிலிருந்து 101-ஆம் எண் பேருந்து பத்து பெரிங்கி செல்கிறது. ஜெல்லி மீன் எச்சரிக்கைப் பலகை இருந்தால், பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கவேண்டாம். மணலில் விளையாடட்டும். காலையில் நடந்த தெருக்களைப் பற்றி அவர்கள் கேள்வி கேட்டால், பெற்றோர் பதில் சொல்லட்டும்.