யார் உண்மையிலேயே முன்னேறினார்? துபே, ரஹானே, ஒரு எக்செல் ஷீட்

ஷிஃப்ட் முடிச்சு கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ஜன்னல் சீட் பிடிச்சு உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும், சீட் கிடைக்காம கம்பியைப் பிடிச்சுக்கிட்டே கேட்கிறவங்களுக்கும் வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். ஒரு ஆட்டக்காரர் போன வருஷத்தைவிட இந்த வருஷம் முன்னேறியிருக்காரா? அதை நம்பரை வெச்சு எப்படிச் சொல்றது?

"நல்லா ஆடுறாரா?" என்ற கேள்வி சுலபம். ரன் பட்டியலைப் பார்த்தால் முடிந்தது. "முன்னேறினாரா?" என்பது வேறு கேள்வி. அதற்கு இரண்டு வருஷத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். அந்த இரண்டு வருஷத்துக்கு நடுவில் ஆட்டக்காரர் மட்டுமா மாறுகிறார்? டீம் மாறும், கிரவுண்டு மாறும், விதிமுறை மாறும். போதாததற்கு அதிர்ஷ்டம் வேற.

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் இந்தக் கேள்விக்கென்றே ஒரு விருது இருக்கு. மோஸ்ட் இம்ப்ரூவ்டு பிளேயர். 1985-86 சீசனில் இருந்து கொடுக்கிறாங்க. ஓட்டுப் போடுவது விளையாட்டுப் பத்திரிகையாளர்கள். 2015-16 சீசனில் போர்ட்லாண்டு அணியின் சிஜே மெக்காலம் இந்த விருதை வாங்கினார். அதற்கு முந்தைய சீசனில் அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 6.8 பாயிண்ட். விருது வாங்கிய சீசனில் 20.8. மூணு மடங்கு!

ஆனால் இன்னொரு நம்பரையும் பாருங்க. முதல் சீசனில் அவர் களத்தில் இருந்தது ஆட்டத்துக்கு 15.7 நிமிடம். அடுத்த சீசனில் 34.8 நிமிடம். அந்தக் கோடையில் போர்ட்லாண்டின் முதல் ஐந்து பேரில் நாலு பேர் வேற அணிகளுக்குப் போயிட்டாங்க. இடம் காலியானது, இவருக்குக் கிடைச்சது. 36 நிமிடத்துக்கு எத்தனை பாயிண்ட் என்று கணக்குப் போட்டால் 15.6 என்பது 21.5 ஆகியிருக்கு. அது நிஜமான முன்னேற்றம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அது மூணு மடங்கு இல்லை, சுமார் 38 சதவீதம். மீதி எல்லாம் கிடைத்த நேரம்.

சிப்காட்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஒரு ஆபரேட்டர் 8 மணி நேரத்தில் 400 பீஸ் எடுக்கிறார். அடுத்த மாசம் 12 மணி நேரம் ஓ.டி. பார்த்து 600 பீஸ் எடுக்கிறார். போர்டில் 600 என்று எழுதியிருப்பாங்க. மணிக்கு எத்தனை என்று பார்த்தால் அப்பவும் 50, இப்பவும் 50.

சரி, இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ஐபிஎல்லில் இளம் வீரர்களுக்கு எமர்ஜிங் பிளேயர் விருது உண்டு, மோஸ்ட் இம்ப்ரூவ்டு விருது கிடையாது. அதனால் நாமே கொடுக்கலாம். சிஎஸ்கே ரசிகர்களைக் கேட்டால் இரண்டு பேர் வரும். ஷிவம் துபே, அஜிங்க்ய ரஹானே. இரண்டு பேரையும் ஒரே சோதனைக்குள் விடுவோம்.

முதலில் துபே. 2021இல் ராஜஸ்தானுக்கு ஆடி 230 ரன். 2022இல் சிஎஸ்கே வந்து 289. 2023இல் 418. 2024இல் 396. மொத்த ரன்னை மட்டும் பார்த்தால் 2022ஐவிட 2023 பெரிய தாவல். ஆனால் 2021இல் அவர் ஆடியது 9 போட்டி, 2022இல் 11, 2023இல் 16. அந்த வருஷம் சிஎஸ்கே ஃபைனல் வரைக்கும் போய்க் கோப்பையையும் வாங்கிச்சே, அதனால் போட்டி அதிகம். போட்டிக்கு எத்தனை ரன் என்று வகுத்துப் பாருங்க. 2021இல் 25.6, 2022இல் 26.3, 2023இல் 26.1. மூணு வருஷமும் கிட்டத்தட்ட ஒரே நம்பர்!

அப்போ துபே முன்னேறவே இல்லையா? இருங்க. அந்த ரன்னை எத்தனை பந்தில் எடுத்தார் என்பதில்தான் விஷயம் இருக்கு. 2021இல் போட்டிக்குச் சுமார் 21 பந்து. 2022இலும் 2023இலும் சுமார் 17 பந்து. அதே ரன்னை நாலு பந்து குறைவா எடுத்துட்டு, மிச்சப் பந்தை அடுத்தவருக்குக் கொடுக்கிறார். மொத்தமே 120 பந்து இருக்கிற ஆட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஸ்ட்ரைக் ரேட்டில் இது பளிச்சென்று தெரியும். 2021இல் 119, 2022இல் 156, 2023இல் 158, 2024இல் 162. வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுது, இல்லையா?

இங்கேதான் இரண்டாவது சோதனை. மழை பெய்து பூண்டி ஏரியில் தண்ணீர் ஏறினால், ஏரியில் நிற்கிற எல்லாப் படகும் ஏறும். ஒரு படகை மட்டும் பார்த்து "ஆஹா, உசந்துடுச்சு" என்று சொல்ல முடியாது. ஐபிஎல்லிலும் தண்ணீர் ஏறியிருக்கு. 2021இல் லீக் முழுக்கச் சேர்த்து ஓவருக்குச் சுமார் 8 ரன். 2022இல் 8.5. 2023இல் இம்பாக்ட் பிளேயர் விதி வந்தது, கூடுதலாக ஒரு பேட்ஸ்மேன் கிடைத்தார், எல்லாரும் பயமில்லாமல் அடிக்க ஆரம்பிச்சாங்க, 9 ஆனது. 2024இல் 9.5ஐத் தாண்டியது.

இதை 100 பந்துக்கு மாற்றினால் லீக்கின் அளவு சுமார் 133, 142, 150, 158. துபேயின் நம்பரில் இருந்து இதைக் கழிங்க. 2021இல் லீக்கைவிட 14 குறைவு. 2022இல் 14 அதிகம். 2023இல் 8 அதிகம். 2024இல் 4 அதிகம்.

இப்போ கதையே வேற மாதிரி ஆயிடுச்சு பாருங்க. ஸ்ட்ரைக் ரேட்டைத் தனியா பார்த்தால் மூணு படி ஏற்றம். லீக்கோடு சேர்த்துப் பார்த்தால் ஒரே ஒரு பெரிய தாவல், அதுவும் 2022இல். அதற்கு அப்புறம் அவர் அதே இடத்தில் நின்றார், மற்றவர்கள் மேலே வந்தார்கள். லீக் ரன் ரேட்டில் வைடும் இருக்கும், பதினோராம் நம்பர் பேட்ஸ்மேனும் இருப்பார், அதனால் இது துல்லியமான அளவுகோல் இல்லை என்று நீங்க கேட்கலாம். உண்மைதான். ஆனால் எல்லா வருஷத்தையும் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறோம், அதனால் போக்கு தெரிந்துவிடும்.

மூன்றாவது சோதனை, சூழல். 2022 லீக் போட்டிகள் எல்லாமே மும்பையிலும் புனேயிலும் நடந்தன. துபே மும்பைக்காரர். பழகின பிட்ச், பழகின பவுன்ஸ். அந்தத் தாவல் சொந்த ஊர் கொடுத்த வரமா இருக்கலாமே? நியாயமான சந்தேகம். அதைத் தீர்த்து வைத்தது 2023. ஆட்டம் சேப்பாக்கத்துக்கும் மற்ற ஊர்களுக்கும் திரும்பியது, ஸ்ட்ரைக் ரேட் 158இலேயே நின்றது. ஆக, கிரவுண்டு மட்டும் காரணம் இல்லை.

ஆனால் சூழல் என்றால் கிரவுண்டு மட்டுமா? சிஎஸ்கே அவரை நடு ஓவர்களில், ஸ்பின்னர்கள் பந்து போடும்போது இறக்கி, "நின்னு அடி" என்று ஒரு தெளிவான வேலையைக் கொடுத்தது. அந்த முன்னேற்றத்தில் துபேயின் பங்கு எவ்வளவு, அந்த வேலையை அவருக்கு ஒதுக்கியவர்களின் பங்கு எவ்வளவு என்று எந்த எக்செல் ஷீட்டும் பிரித்துக் கொடுக்காது. இரண்டும் சேர்ந்துதான் வரும்.

நான்காவது சோதனைதான் எல்லாத்தையும்விட முக்கியம். எத்தனை பந்தை வைத்துப் பேசுறோம்?

இங்கே ரஹானே வருகிறார். 2022இல் கொல்கத்தாவுக்கு 7 போட்டி, 133 ரன், ஸ்ட்ரைக் ரேட் 104. அதற்கு அப்புறம் 50 லட்சம் அடிப்படை விலைக்கு சிஎஸ்கே எடுத்தது. 2023இல் 326 ரன், ஸ்ட்ரைக் ரேட் 172. வாங்கடேயில் மும்பைக்கு எதிராக 27 பந்தில் 61, ஈடன் கார்டனில் கொல்கத்தாவுக்கு எதிராக 29 பந்தில் 71. அன்னைக்கு ஓட்டெடுப்பு நடத்தியிருந்தால் மோஸ்ட் இம்ப்ரூவ்டு விருது அவருக்குத்தான். நானும் அவருக்குத்தான் குத்தியிருப்பேன்.

ஆனால் அந்த 326 ரன் வந்தது வெறும் 189 பந்தில். அதில் 8 சிக்ஸர், பவுண்டரியில் நின்றவர் ஒரு அடி தள்ளி நின்றதால் சிங்கிளாகப் போயிருந்தால் என்ன ஆகும்? ரன் 286, ஸ்ட்ரைக் ரேட் 151. எட்டே பந்து, 21 பாயிண்ட் காலி. இவ்வளவு குறைவான பந்தில் திறமையையும் அதிர்ஷ்டத்தையும் பிரிப்பது கஷ்டம்.

அப்போ 2024இல் ரஹானேயிடம் எதை எதிர்பார்த்திருக்கலாம்? அவருடைய ஐபிஎல் வாழ்க்கை முழுவதும், 2023ஐயும் சேர்த்து, 4400 ரன், ஸ்ட்ரைக் ரேட் சுமார் 123. 2024இல் அவர் எடுத்தது 242 ரன், ஸ்ட்ரைக் ரேட் 123. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது தற்செயல், அதை நான் பெருசு பண்ண மாட்டேன். ஆனால் திசை தற்செயல் இல்லை. ஒரு உச்சத்துக்கு அப்புறம் நம்பர் பழைய சராசரி பக்கம் இறங்குவதைப் புள்ளியியலில் சராசரிக்குத் திரும்புதல் என்று சொல்வாங்க. 1886இல் பிரான்சிஸ் கால்டன் இதை எழுதினார். அவர் பார்த்தது உயரம். ரொம்ப உயரமான பெற்றோருடைய பிள்ளைகள் உயரமாகத்தான் இருப்பாங்க, ஆனால் சராசரியாகப் பார்த்தால் பெற்றோர் அளவுக்கு இருக்க மாட்டாங்க. என்பிஏவிலும் இதே கதை உண்டு. நியூயார்க்கின் ஜூலியஸ் ராண்டில் 2020-21இல் மூணு பாயிண்ட் ஷாட்டில் 41 சதவீதம் போட்டு இதே விருதை வாங்கினார். முந்தின சீசனில் 28 சதவீதம். விருதுக்கு அடுத்த சீசனில் 31.

துபேயின் கணக்கு இதில் பலமானது. 2022இல் இருந்து 2024 வரை மூணு சீசன், கிட்டத்தட்ட 700 பந்து, ஸ்ட்ரைக் ரேட் 159. எழுநூறு பந்துக்கு அதிர்ஷ்டம் கூடவே வருவது ரொம்ப அரிது. அதனால் என்னுடைய ஓட்டு துபேக்கு, அதுவும் 2022 சீசனுக்கு.

உடனே ஒருத்தர் கேட்பீங்க, "அண்ணா, 2025ஐ ஏன் சொல்லல?" சொல்றேன். 2025இல் சிஎஸ்கே முதல் முறையாகக் கடைசி இடம். துபேயின் ஸ்ட்ரைக் ரேட் 132. அதே வருஷம் கொல்கத்தாவில் ரஹானே 390 ரன், ஸ்ட்ரைக் ரேட் 148. நம்பர் யாருக்கும் நிரந்தரப் பட்டா கொடுப்பதில்லை. மூணு வருஷம் நின்ற முன்னேற்றம்கூடச் சுற்றி இருக்கிற டீம் சரிந்தால் ஆட்டம் காணும். முடிஞ்சுபோச்சு என்று நினைத்தவரும் திரும்பி வருவார்.

இன்னும் ஒரு சின்ன விஷயம், எதிரணி. 2022 நவம்பரில் விஜய் ஹசாரே கோப்பையில் நம்ம தமிழ்நாட்டின் நாராயண் ஜெகதீசன் தொடர்ச்சியாக ஐந்து சதம் அடித்தார். ஐந்தாவது 141 பந்தில் 277, உலக சாதனை. சிஎஸ்கே அவரை விடுவித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. "தப்பு பண்ணிட்டாங்க" என்று எல்லாரும் கொதித்தோம். அந்த 277 அடித்தது அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக. அந்த ஒரு ஸ்கோரை மட்டும் வைத்து அவரை எடை போட முடியாது. ஆனால் அவர் நிற்கவில்லை. 2023-24 ரஞ்சி சீசனில் 816 ரன், 2025இல் இந்திய டெஸ்ட் அணிக்கு அழைப்பு. ஒரு இன்னிங்ஸ் சொல்லாததை நீண்ட காலக் கணக்கு சொன்னது.

இதையெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, நம்மில் பலர் வருஷா வருஷம் இதே மாதிரி அளக்கப்படுகிறோம். ஐ.டி. ஆபீஸில் அப்ரைசல். சிப்காட் கம்பெனியில் ஐடிஐ முடித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்த பையனுக்கு மூணு மாச ரிப்போர்ட். அவனை வெச்சுக்கலாமா, அனுப்பிடலாமா என்பதே அந்தப் பேப்பரில் இருக்கும். துபேக்கு ஒரு மோசமான சீசன் போனாலும் அடுத்த சீசன் உண்டு. இந்தப் பையனுக்கு அது கிடைப்பது சந்தேகம்.

நீங்க டீம் லீடாகவோ சூப்பர்வைசராகவோ இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நாலு கேள்வி கேளுங்க. அவனுக்கு எத்தனை மணி நேரம் வேலை கொடுத்தோம்? மொத்த லைனும் அந்த மாசம் ஏறியதா, இறங்கியதா? அவனுக்குப் புது மெஷினா, அடிக்கடி நிற்கிற பழைய மெஷினா? எத்தனை நாள் கணக்கை வைத்து முடிவு பண்றோம்? மூணு மாசத்தில் ஒரு மோசமான மாசம் என்பது ரஹானேயின் 189 பந்தைப் போலத்தான். அதை வைத்து ஒருத்தரைத் தூக்கி வைக்கவும் கூடாது, தூக்கி எறியவும் கூடாது.

அளக்கப்படுகிற பக்கம் நீங்க இருந்தால், உங்க நம்பரை நீங்களே எழுதி வையுங்க. தேதி, மணி நேரம், எந்த மெஷின், எத்தனை பீஸ். ஒரு நோட்டு போதும். அப்ரைசல் ரூமில் "இந்த மாசம் குறைஞ்சுடுச்சே" என்று சொன்னால், ஒரு வருஷக் கணக்கை மேஜையில் வைக்கலாம்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். உங்களுக்குப் பிடித்த ஒரு ஆட்டக்காரரை எடுங்க. கிரிக்கெட், கபடி, எதுவானாலும் சரி. நாலு காலம் போடுங்க. கிடைத்த வாய்ப்பு, லீக் சராசரி, சூழல், எத்தனை பந்து அல்லது எத்தனை ரெய்டு. நிரப்பிட்டு எனக்கு அனுப்புங்க. நல்ல ஷீட்டை அடுத்த எபிசோடில் எடுத்துப் பேசலாம். ஸ்டேஷன் வந்துடுச்சுன்னா பார்த்து இறங்குங்க.