உருக்கும் முன் காசைப் பாருங்கள்

சிராங்கூன் ரோடு நகைக்கடையில் "பவுன் என்ன விலை?" என்று கேட்டால் 8 கிராமின் விலையைச் சொல்வார்கள். அந்தக் கணக்கு பிரிட்டிஷ் சவரன் காசிலிருந்து வந்தது. அதன் அசல் எடை 7.988 கிராம், தரம் 22 காரட். ராஜா தலை, ராணி தலை என்று சொல்லிப் பாட்டிமார் பெட்டியில் பூட்டி வைத்த காசு அதுதான்.

அதன் பக்கத்தில் ஜெர்மன் பேரரசின் 20 மார்க் தங்கக் காசை வைத்தால் கையில் தூக்கிப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. எடை 7.965 கிராம். ஆனால் ஆயிரத்தில் 900 பங்குதான் தங்கம். 916 முத்திரை பார்த்தே வாங்கிப் பழகியவர்களுக்கு இது ஒரு மாற்றுக் குறைவாகத் தெரியும். கடைக்காரர் உரசிப் பார்த்து, நிறுத்து, உருக்குகிற கணக்கில் விலை சொல்வார். அது அவர் தொழில், குறை சொல்ல முடியாது.

காசு சேகரிப்பவர் பார்ப்பது வேறு. 1871ல் ஜெர்மனி ஒரே பேரரசான பிறகும் பிரஷ்யா, பவேரியா, சாக்சனி ஆகியவற்றுக்குத் தனித்தனி ராஜா உண்டு. காசின் ஒரு பக்கம் பொதுவான கழுகு, மறுபக்கம் அவரவர் ராஜா தலை. ராஜாவே இல்லாத ஹாம்பர்க் தன் நகரச் சின்னத்தைப் போட்டுக்கொண்டது. அடியில் சிறிதாக ஓர் எழுத்து இருக்கும். 'ஏ' என்றால் பெர்லின், 'டி' என்றால் மூனிக், 'ஜே' என்றால் ஹாம்பர்க்.

இரண்டாம் வில்ஹெல்ம் தலை போட்ட பிரஷ்யக் காசு ஏராளம். (1914 செப்டம்பரில் சென்னையில் குண்டு போட்ட எம்டன் கப்பல் இந்தச் சக்கரவர்த்தியுடையதுதான்!) அதற்குத் தங்க விலைக்கு மேல் பெரிதாகக் கிடைக்காது. சிறிய சமஸ்தானக் காசுகள் அப்படியல்ல, குறைவாக அடிக்கப்பட்டவை. 1895ல் ஜெர்மன் நியூகினிக்காக பெர்லினில் அடித்த 10, 20 மார்க் காசுகளில் ராஜா தலைக்குப் பதில் சொர்க்கப் பறவை இருக்கும். மிக அபூர்வம். அதை உருக்கினால் நஷ்டத்துக்கு அளவே இல்லை. பதக்கமாக்க வளையம் பற்றவைத்தாலும், பளபளக்கப் புளி போட்டுத் தேய்த்தாலும் சேகரிப்பு மதிப்பு போய்விடும்.

முதலீடாக வாங்க நினைப்பவர்கள் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிங்கப்பூரில் 2012 அக்டோபர் முதல் முதலீட்டுத் தங்கத்துக்குப் பொருள் சேவை வரி கிடையாது. ஆனால் 99.5 விழுக்காடு சுத்தம் வேண்டும். மார்க் காசும் சரி, சவரனும் சரி, அந்தச் சலுகைக்குள் வராது. 2024 முதல் வரி 9 விழுக்காடு. வரி வசூலிக்கும் கடையில் 1,000 வெள்ளிக் காசுக்கு 90 வெள்ளி கூடுதல். விற்கும்போது அது திரும்பாது. ஆசைக்கு வாங்கலாம், லாபத்துக்கு வாங்குவது புத்திசாலித்தனமல்ல.

வாங்காதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வீட்டுச் சவரனை மாற்றக் கொண்டுபோகும் முன் பூதக்கண்ணாடியில் பாருங்கள். 1918 என்ற ஆண்டுக்கு மேலே, குதிரை வீரன் நிற்கும் தரைக்கோட்டில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து தெரிந்தால் அது லண்டன் காசல்ல. சவரன் அடித்த அந்த ஒரே ஆண்டில் பம்பாயில் பிறந்த காசு.