போதைக் காளான் குறித்து நம் இளைஞர்க்குச் சில சொற்கள்



வெள்ளி விழா மேடையில் போதையைப் பற்றிப் பேசுவானேன் என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நாம் பேசாமல் விட்ட இடத்தில் வதந்தி பேசுகிறது, ஆதலால் பேசுகிறோம்.

மழை விட்ட மறுநாள் கறையான் புற்றோரம் முளைக்கும் காளானைப் பறித்துக் குழம்பு வைத்து உண்டு வளர்ந்தவர்கள் நாம். நம் பாட்டிமார்க்கு அதில் இருந்த தேர்ச்சி பெரிது. ஆனால் அவர்கள் அறிந்தவை சொந்த மண்ணில் முளைத்த சில வகைகளே. கொடைக்கானல் மலைக்குப் போதைக் காளான் தேடிச் செல்லும் பிள்ளைக்கு அத்தேர்ச்சி துணை நில்லாது.

அக்காளானில் உள்ள பொருள் சைலோசைபின். 1958இல் சுவிட்சர்லாந்து வேதியியலறிஞர் ஆல்பர்ட் ஹாஃப்மன் அதனைப் பிரித்தெடுத்தார். உண்ட ஒரு மணி நேரத்திற்குள் தொடங்கும் மயக்கம் நான்கு முதல் ஆறு மணி நேரம் நீடிக்கும். சிலர்க்கு மகிழ்ச்சி, சிலர்க்குத் தாங்கவொண்ணா அச்சம். மதுவைப் போல் அது எளிதில் அடிமைப்படுத்துவதில்லை. அப்பொருளால் மட்டுமே இறப்போர் மிக அரியர். இதைச் சொல்ல நாங்கள் தயங்கவில்லை. தொட்டால் சாவாய் என்று மிரட்டினால், தொட்டும் சாகாத தோழனைக் கண்டவன் நம் மெய்யுரையையும் நம்பமாட்டான். ஆயினும் குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்க்கும் லித்தியம் மாத்திரை உண்பவர்க்கும் அது பெருங்கேடு.

மெக்சிகோவின் மசாடெக் பழங்குடியில் மரியா சபினா என்னும் ஏழை மூதாட்டி, நோயாளர்க்காகச் செய்யும் இரவுச் சடங்கில் இக்காளானைப் பயன்படுத்தி வந்தார். 1955இல் வந்து அதில் கலந்துகொண்ட நியூயார்க் வங்கியாளர் கார்டன் வாசன் 1957இல் ‘லைஃப்’ இதழில் எழுதினார். எழுதியவர்க்குப் புகழ். மூதாட்டிக்கோ வெளியூர்க் கூட்டமும், காவலரின் தொல்லையும், ஊராரின் சினமும். அவர் வீடும் எரிக்கப்பட்டது. நம் பிள்ளைகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சுற்றுலா வந்தவன் கேட்டான் என்று சில நூறு ரூபாய்க்குப் பறித்துக் கொடுப்பவனே முதலில் பிடிபடுவான். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் சைலோசைபின் தடைசெய்யப்பட்ட பொருள். வணிக அளவு என்று முடிவானால் தண்டனை 10 ஆண்டுக்குக் குறையாது. வாங்கியவன் வழக்கறிஞர் வைத்துக்கொள்வான். நம் பிள்ளைக்கு யார்?

உயிர் போவது பெரும்பாலும் போதையால் அன்று, ஆள்மாறாட்டத்தால். உருவில் ஒத்த சிறு பழுப்புக் காளான்களுள் சிலவற்றில் அமடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. சமைத்தாலும் உலர்த்தினாலும் அது போகாது. வெள்ளிக் காசு கறுக்கும், பூச்சி தின்றது நல்லது என்பனவெல்லாம் வெறும் கதை. அந்நஞ்சு உடனே காட்டிக்கொள்ளாது. ஆறு மணி நேரத்திற்கும் மேலாகப் பொறுத்து வாந்தியும் பேதியும் வரும். பிறகு தெளிந்தது போலத் தோன்றும். அப்பொழுதுதான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். தெளிந்துவிட்டான் என்று வீட்டில் படுக்க வைத்துவிடாதீர்கள்.

மயக்கத்தில் அஞ்சி நடுங்குபவனை அடிக்காதீர்கள், கட்டாதீர்கள், பேயோட்ட அழைத்துச் செல்லாதீர்கள். இரைச்சலற்ற இடத்தில் அமர்த்தி, அறிந்தவர் ஒருவர் அருகிருந்து, சிறிது நேரத்தில் தணியும் என்று மெல்லச் சொல்லுங்கள். வலிப்போ நினைவிழப்போ தொடர் வாந்தியோ கண்டால் 108ஐ அழையுங்கள். எஞ்சிய காளானைத் தாளில் மடித்து உடன் கொண்டு செல்லுங்கள். எப்பொழுது, எவ்வளவு உண்டான், மதுவும் கலந்ததா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். மானம் போகுமே என்று தாய்மார்கள் அங்கே வாய் மூடி நிற்க வேண்டாம்.