வழி கேட்டல்: ஒரு பாலைவனப் பயணத் திட்டமும் ஆற்றுப்படை மரபும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘பயணமும் படைப்பும்’ என்னும் பொருளில் பேசுமாறு அமைப்பாளர்கள் என்னைப் பணித்தார்கள். பயண இலக்கிய வரலாற்றை நான் எடுத்துரைப்பேன் என்று எதிர்பார்த்திருக்கக் கூடும். நானோ இன்னும் புறப்படாத ஒரு பயணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாழும் என் தம்பியும் அவன் நண்பர் ஒருவரும் தத்தம் மனைவியருடன் ஒரு நெடும்பயணத்துக்குத் திட்டமிட்டு வருகிறார்கள். விடுமுறையில் அங்குச் சென்றிருந்த நான் ஆறு வாரங்கள் அவர்களுடைய உணவு மேசையில் விரிந்து கிடந்த நிலப்படங்களுக்கும் பட்டியல்களுக்கும் இடையே வாழ்ந்தேன். அந்த மேசையில் எழுந்த ஒரு வழக்கே இன்றைய என் பேச்சின் பொருள்.

அவர்கள் போக விரும்பும் வழிக்குக் கேனிங் மந்தைத் தடம் என்று பெயர். மேற்கு ஆஸ்திரேலியாவின் தெற்கில் விலூனா என்னும் சிற்றூரில் தொடங்கி, வடக்கே ஹால்ஸ் கிரீக் வரை ஏறத்தாழ 1,850 கி.மீ. செல்கிறது. சிறு மணற்பாலை, கிப்சன் பாலை, பெரு மணற்பாலை ஆகியவற்றை ஊடறுத்து, 900-க்கும் மேற்பட்ட மணற்குன்றுகளை ஏறி இறங்கும் தடம் அது. தார்ச்சாலை கிடையாது, தங்கும் விடுதி கிடையாது. ஃபோர் வீல் டிரைவ் என்று வழங்கும், நான்கு சக்கரங்களுக்கும் விசை பாயும் வண்டியன்றி வேறொன்று அங்கே செல்லாது. தடம் முழுவதையும் முதன்முதலில் வண்டியில் கடந்தவர்கள் 1968-ஆம் ஆண்டில் சென்ற நில அளவையர் மூவர். கடந்து முடிக்க இரண்டு முதல் மூன்று வாரங்கள் ஆகும். கோடை வெயிலில் உயிர் தங்காது. ஆகவே அந்நாட்டின் குளிர்காலத்தை ஒட்டிய மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே பயணத்துக்கு உரியவை.

இத்தகைய பயணத்தில் திட்டமிடல் என்பது பெரும்பாலும் எடையைப் பற்றிய சிந்தனைதான் என்பதை அங்கே கற்றேன். விலூனாவுக்கும் இடைவழியில் உள்ள குனவரிட்ஜி என்னும் பழங்குடியினர் குடியிருப்புக்கும் இடையே ஏறத்தாழ 1,000 கி.மீ. அதுவரை டீசல் கிடைக்காது. மணலில் 100 கி.மீ.க்கு 20 லிட்டர் செலவாகும் என்று தம்பி கணக்கிட்டான். 200 லிட்டர்; வழி தவறினாலும் மணலில் சிக்கினாலும் உதவ மேலும் 50 லிட்டர். எடை 210 கிலோ. ஒரு வண்டியில் இருவர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 லிட்டர் வீதம் பத்து நாள்களுக்குக் குடிநீர் 120 கிலோ. ஸ்டெப்னி டயர்கள் இரண்டு, 70 கிலோ. இருவரின் உடல் எடை 150 கிலோ. கூட்டினால் 550 கிலோ. அந்த வண்டி சுமக்கத் தக்கது 700 கிலோ. எஞ்சிய 150 கிலோவுக்குள் உணவு, கூடாரம், அடுப்பு, பழுது பார்க்கும் கருவிகள், மருந்துப் பெட்டி, செயற்கைக்கோள் தொலைபேசி அனைத்தும் அடங்க வேண்டும். சுமை மிகுந்தால் அலை அலையாய்க் கிடக்கும் தடத்தின் அதிர்வில் வண்டியின் வில்கள் முறியும்.

எனவே வீட்டில் ஒவ்வொரு பொருளும் தராசில் ஏறியது. தம்பி மனைவி பெரிதும் விரும்பிய இரும்புத் தோசைக்கல் வெளியேறிற்று. குக்கர் எரிபொருளையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தும் என்பதால் நிலைபெற்றது. கவிஞர்கள் நிறைந்த இந்த அவையில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. தன் இடத்தை ஈட்டாத சொல்லைக் கவிதை சுமப்பதில்லை அன்றோ!

வேறு சில நுட்பங்களும் உண்டு. மணலில் இறங்குமுன் டயரின் காற்றைப் பாதியளவு இறக்கி விடுகிறார்கள். காற்றிறங்கிய டயர் நீண்டு படிந்து எடையைப் பரப்புகிறது. மணலில் புதையாமல் ஊர்கிறது. கெட்டித் தரை வந்ததும் மீண்டும் காற்றடிக்க ஒரு கம்ப்ரஸரும் உடன் செல்கிறது. வண்டியின் முன்னே நெடிய கம்பில் ஒரு கொடி கட்ட வேண்டும். குன்றின் மறுபக்கத்திலிருந்து ஏறி வரும் வண்டிக்கு முதலில் தெரிவது அக்கொடியே. தடத்தின் நடுவில் வளரும் முட்புல்லின் விதைகள் ரேடியேட்டரை அடைத்துக் கொள்ளும். அதன் தாள்கள் வண்டியின் அடியில் சிக்கிப் புகைக்குழாயின் சூட்டில் தீப்பற்றும். வண்டியோடு கருகிப் போன பயணங்கள் உண்டு. ஆதலால் நாளும் பலமுறை குனிந்து அடிப்பாகத்தைத் துப்புரவு செய்ய வேண்டும். அந்தப் புல்லை அங்கே ஸ்பினிஃபெக்ஸ் என்கிறார்கள். தாவரவியலார் கணக்கில் அது ட்ரையோடியா என்னும் வேறு பேரினம். உண்மையான ஸ்பினிஃபெக்ஸ் நம் கடற்கரை மணலில் உருண்டோடும் இராவணன் மீசை. பெயரளவில் மட்டும் உறவு.

இத்தனையும் அவர்களுக்கு எவ்வாறு தெரியவந்தன? முன்னே சென்று மீண்டவர்கள் சொன்னார்கள். எந்தக் கிணறு செப்பனிடப்பட்டுள்ளது, எங்கே நீரைக் காய்ச்சிக் குடிக்கலாம், எந்தக் குன்றைச் சுற்றிச் செல்ல வேண்டும் என்றெல்லாம் சென்றவர் செல்வோருக்கு உரைக்கின்றனர். தமிழ் கற்ற எனக்கு இது புதியதன்று. பரிசில் பெற்று மீண்டவன் எதிர்வரும் இரவலனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம், பன்றிக்கு வைத்த பொறியையும் பாம்பு கிடக்கும் இடத்தையும் கவண்கல் பாயும் புனத்தையும் வழுக்கும் வழியையும் ஒவ்வொன்றாகச் சொல்லி எச்சரிக்கிறது. எந்த ஊரில் எவர் என்ன உணவு தருவர் என்பதையும் மறவாமல் கூறுகிறது. புலவர் பெருங்கௌசிகனாரின் கவனம் நன்னனின் புகழில் மட்டும் நிற்கவில்லை. நடந்து செல்லும் கூத்தரின் காலடியிலும் நின்றது. ஆற்றுப்படையின் உயிர்நாடி வழியைத் தருகின்ற மனம் என்பேன்.

இந்தப் பெருமிதத்தோடு தடத்தின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தேன். பெருமிதம் நிலைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்குக் கிம்பர்லிப் பகுதி மாடுகளிடம் உண்ணி பரவியிருந்தமையால் அவற்றைக் கப்பலில் தெற்கே அனுப்பத் தடை இருந்தது. தெற்கில் கால்கூர்லி முதலிய தங்க வயல்களில் இறைச்சிக்கு நல்ல விலை. பாலையின் வறட்சியில் உண்ணி மடிந்து விடும். ஆகவே பாலை வழியே மந்தையை ஓட்டலாம் என்று எண்ணினர். ஆல்ஃபிரட் கேனிங் என்னும் நில அளவையர் 1906-இல் விலூனாவிலிருந்து ஒட்டகங்களுடன் புறப்பட்டு 1907-இல் ஹால்ஸ் கிரீக்கை அடைந்தார். 1908 முதல் 1910 வரை கிணறுகள் வெட்டப்பட்டன. 1 முதல் 51 வரை எண்ணிடப்பட்ட அந்நீர்நிலைகள் இன்றும் எண்களாலேயே அறியப்படுகின்றன.

நீர் இருக்கும் இடம் கேனிங்குக்கு எவ்வாறு தெரிந்தது? பழங்குடியினரைப் பிடித்துச் சங்கிலியால் பிணைத்து, தண்ணீரைக் காட்டச் செய்தார். அப்பயணத்தில் சமையற்காரராகச் சென்றவரே இதைக் குறித்து முறையிட்டார். 1908-இல் அரச விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. சங்கிலியைப் பயன்படுத்தியதைக் கேனிங் மறுக்கவில்லை. ஆயினும் குழு அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. கிணறு வெட்டும் பணி தொடர்ந்தது. தலைமுறை தலைமுறையாக மக்கள் காத்து வந்த ஊற்றுகள் பல கிணறுகளாயின. கனத்த வாளியும் ஒட்டகமும் கொண்டு இறைக்கும் கிணற்றிலிருந்து அவ்விடத்து மக்கள் எளிதில் நீர் எடுக்க இயலாது போயிற்று. 1911-இல் மந்தையோட்டிகள் கொல்லப்பட்டனர். பின்னர்ச் சென்ற காவற்படையினரால் பழங்குடி மக்கள் கொல்லப்பட்டனர். கிணறுகள் சிதைக்கப்பட்டன. இவ்வளவு துயருக்கும் பிறகு 1931 வரை அத்தடத்தில் சென்ற மந்தைகள் எட்டே. கடைசி மந்தை 1959-இல் சென்றது.

என் தம்பியின் நிலப்படத்தில் நீல வட்டங்களாக அச்சிடப்பட்டிருந்த கிணறுகளை அன்றிரவு மீண்டும் பார்த்தேன். இதுவும் ஒருவன் சொன்ன வழிதான். ஆனால் கழுத்தில் சங்கிலியோடு சொன்ன வழி. அந்த நாவிலிருந்து பிறந்த ஆற்றுப்படையை நாம் என்ன பெயரிட்டு அழைப்பது?

வற்புறுத்திக் கேட்டவர் கதை இது. கேட்கவே மறுத்தவர் கதையும் ஒன்று உண்டு. 1860-இல் மெல்போர்னிலிருந்து பெரும் ஏற்பாடுகளுடன் புறப்பட்ட பர்க், வில்ஸ் ஆகியோரின் பயணக் குழு கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடந்தது. திரும்பி வந்த பர்க்கும் வில்ஸும் கிங்கும் 1861 ஏப்ரல் 21 அன்று மாலை கூப்பர் கிரீக் தங்குமிடத்தை அடைந்தனர். அங்கே நான்கு மாதம் காத்திருந்தவர்கள் அன்று காலையில்தான் புறப்பட்டுப் போயிருந்தனர். உணவு தீர்ந்தது. அவ்விடத்து யாண்ட்ருவாண்டா மக்கள் மீனும் நார்டூ என்னும் நீர்ச்செடியின் வித்தகத்தை அரைத்துச் செய்த அடையும் தந்தனர். பர்க் அவர்களை நோக்கிச் சுட்டார், அவர்கள் விலகினர். அதன் பிறகு, அம்மக்களின் முறையைக் கற்றுக் கொள்ளாமல் நார்டூவைத் தாமே அரைத்துத் தின்றனர். தின்னத் தின்ன மெலிந்தனர். முறையாகப் பக்குவம் செய்யாத நார்டூவில் உடலின் பி1 உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் உண்டு என்று பிற்காலத்து ஆய்வாளர் விளக்கியுள்ளனர். பர்க்கும் வில்ஸும் மாண்டனர். அம்மக்களிடம் சென்று சேர்ந்த கிங் மட்டும் அவர்களால் காக்கப்பட்டு, செப்டம்பரில் மீட்கப்பட்டார். அந்த நார்டூ வேறெதுவும் இல்லை. நம் வயல் வரப்பிலும் குட்டையிலும் நாலிலையாய் மிதக்கும் ஆரைக்கீரையின் இனம். உண்ணத்தக்கது காலடியில் இருந்தது. அதை உண்ணும் முறையைக் கேட்கும் பணிவு இல்லாமற் போயிற்று.

இனி, மேசையில் எழுந்த வழக்குக்கு வருகிறேன். இன்று அந்தத் தடத்தில் செல்ல, நிலத்துக்கு உரிய மக்களின் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். தடத்தின் நடுப்பகுதியில் வாழும் மார்ட்டு மக்களின் நில உரிமையை நீதிமன்றம் 2002-இல் ஏற்றது. சில ஆண்டுகளில் சில பகுதிகள் பயணிகளுக்கு மூடப்படுவதும் உண்டு. தம்பி விண்ணப்பித்தபோது வடபகுதியில் ஒரு நீளம் மூடப்பட்டிருந்தது. ஈராண்டுச் சேமிப்பும் உழைப்பும் செலவிட்ட நண்பர் மனம் கசந்து சொன்னார்: “யாருமே இல்லாத இடம். போனால் யார் பார்க்கப் போகிறார்கள்?”

அவர் தீயவர் அல்லர். அந்தக் கசப்பு எனக்கும் புரிந்தது. ஆனால் ‘யாருமே இல்லாத இடம்’ என்ற தொடரை என்னால் கடந்து செல்ல இயலவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை ஆகும் என்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் கற்பிக்கிறேன். தனக்கென நிலம் இல்லை என்று சொல்லப்பட்ட பாலைக்கும் நம் இலக்கண மரபு கருப்பொருள் வகுத்தது. எயினரும் மறவரும் அதன் மக்கள். கொற்றவை அதன் தெய்வம். ஆளில்லாத திணை என்று ஒன்றைத் தமிழ் அறியாது. இதனை நான் அன்று நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்து, “டீச்சர் வகுப்பு எடுக்கிறார்கள்” என்றார்.

மறுநாள் தம்பி நிலப்படத்தில் ஓர் ஏரியைக் காட்டினான். 1897-இல் அங்குச் சென்ற ஃபிராங்க் ஹான் என்பவர் உள்நோக்கிப் பாயும் ஓடைகளைக் கண்டு நன்னீர் ஏரி இருக்கும் என்று நம்பிப் போனார், உப்பேரி கிடந்தது. ‘ஏமாற்றம்’ என்னும் பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார். 2020-இல் அதன் பெயர், மார்ட்டு மக்கள் வழங்கும் கும்புபின்டில் என்று அதிகாரமுறையில் மாற்றப்பட்டது. ஏரியின் அடியில் மனிதரை உண்ணும் தொல் உயிர்கள் வாழ்வதாக நம்பும் அம்மக்கள் அதன் அருகே செல்வதில்லை. “அக்கா, ஒருத்தருடைய ஏமாற்றம் நூறு வருடத்துக்கு மேலாக அந்த இடத்தின் பெயராக இருந்திருக்கிறது. நம் ஏமாற்றத்தையும் அதன் மேல் எழுத வேண்டாம்” என்றான். என் இலக்கணம் செய்யாததை அந்தப் பெயர் செய்தது. நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பென்சிலை எடுத்துக் குனவரிட்ஜியில் ஒரு வட்டமிட்டு, அங்கிருந்து மேற்கே பிரியும் தடத்தின் தூரத்தைக் கணக்கிடத் தொடங்கினார். பாதித் தடமே செல்வார்கள். அந்த மேற்குத் தடத்துக்கும் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறார்கள், விடைக்காகக் காத்திருக்கிறார்கள்.

2010-இல் கான்பெராவின் தேசிய அருங்காட்சியகத்தில் இத்தடத்தைப் பற்றிய ஓவியக் காட்சி ஒன்று நடந்தது. யிவாரா குஜு என்பது அதன் பெயர். ‘ஒரே வழி’ என்று பொருள். தடத்தின் இருமருங்கிலும் வாழ்ந்த மக்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் தம் நீர்நிலைகளைத் தீட்டினார்கள். அவ்வோவியங்களின் அச்சுப்படிகளை நான் பார்த்தேன். கேனிங் எண்ணிட்ட நீர்களுக்கு அங்கே பெயர்கள் உள்ளன, கதைகள் உள்ளன, உறவுகள் உள்ளன. கட்டாயத்தால் பிடுங்கப்பட்ட வழியை அவர்கள் தாமே முன்வந்து நமக்குக் காட்டுகிறார்கள். அதைவிடப் பெரிய ஆற்றுப்படை எனக்குத் தெரியவில்லை.

நண்பர்களே, கவிஞர்களாகிய நாமும் பிறர் நிலத்தின் ஊடே செல்பவர்கள்தாம். மீனவர் துயரையும் மலைமக்கள் பாட்டையும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கண்ணீரையும் நம் கவிதைக்கு எடுத்துக் கொள்கிறோம். அவர்களிடம் கேட்டு எடுத்தோமா? அவர்கள் தந்ததா, நாம் பறித்ததா? சில கதவுகள் மூடியிருக்கக் கண்டு பாதியில் திரும்பிய கவிதை ஒன்றேனும் நம்மிடம் உண்டா? பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டம் இக்கேள்வியைத் தன் சுமையில் ஏற்றிக் கொள்ள வேண்டும் என்று விழைகிறேன். எடை சற்றுக் கூடும்; பழுதில்லை, தோசைக்கல்லை இறக்கி விடலாம்.