பழம்!



மாலை வேளைகளில் நம் ரயில்வே குடியிருப்புப் பிள்ளைகள் மும்மூவராகக் கைகோத்து, 'சாட் பூட் த்ரீ' என்று கூவி, உள்ளங்கையையோ புறங்கையையோ காட்டுவதைக் கண்டிருப்பீர்கள். எவன் கை மாறுபட்டதோ அவன் 'பழம்', தப்பினான். இறுதியில் எஞ்சுகிறவனே மற்றவரைத் துரத்திப் பிடிக்க வேண்டும். (நாம் சிறுவயதில் பெரும்பாலும் எஞ்சினோம்!)

'த்ரீ' என்பது ஆங்கிலம். ஆயினும் அதை ஆங்கிலம் என்று எண்ணி எப்பிள்ளையும் கூவுவதில்லை. வியட்நாம் சிறுவர்கள் கல், கத்தரி, தாள் என்னும் கைவிளையாட்டை 'வான் தூ தீ' என்பர். 'ஒன், டூ, த்ரீ' என்பதே அவர்கள் நாவில் அவ்வாறு உருமாறிற்று என்பர். சொல் அயலாரது, ஆட்டத்தின் வேரோ சீனத்தில் உள்ளது.

செகந்திராபாத்தில் நம் அண்டை வீட்டுத் தெலுங்குப் பிள்ளைகளும் இவ்வாறே கை போடுகின்றனர். அதற்கு அவர்கள் வழங்கும் பெயர் 'பண்ட்டலு'. 'பண்ட்ட' எனின் விளைச்சல். நமக்குப் பழம், அவர்களுக்கு விளைச்சல்!

நம் இளைய மகள் தமிழில் வினவினால் தெலுங்கிலோ இந்தியிலோதான் விடை தருகிறாள். இது நம் வீட்டுக் குறை மட்டுமன்று என்பதைச் சபையோர் அறிவீர்கள். சென்ற வாரம் அலுவல் முடிந்து திரும்புகையில், தெருமுனையில் அவள் கை மாறி விழுந்தது. "பழம்!" என்று துள்ளினாள். தெலுங்குத் தோழியர் இருவரும் "பழம், பழம்" என்றே திருப்பிக் கூவினர். நாம் வீட்டினுள் செல்லாமல் வாசலிலேயே நெடுநேரம் நின்றோம்.